டான்சிலில் படிந்த புரதமும் ஒரு துணிச்சாயமும்

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாமாவுக்கு ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் அமிலாய்டு என்று இருக்கிறது. கேன்சரா?"

கேன்சர் இல்லை, புரதப் படிவு. தலை, கழுத்துப் பகுதியில் இது அதிகம் வருவது குரல்வளையில். டான்சிலில் வருவது அபூர்வம்.

புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும், இது பள்ளிப் பாடம். டான்சிலில் ஆன்டிபாடி தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் உண்டு. அவற்றில் ஒரு கூட்டம் ஆன்டிபாடியின் லைட் செயின் என்ற துண்டை மட்டும் ஓயாமல் சுரந்தால், அந்தத் துண்டுகள் தவறாக மடிந்து இழையாக அடுக்கிக்கொள்ளும். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலில் ஆசிட் விட்டு ஷீட் அடிப்பார்களே, உறைந்தது மறுபடி பால் ஆகுமா? இதுவும் அப்படித்தான். சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இந்த இழைகளை உடம்பால் எளிதில் கரைக்க முடியாது.

எனக்குப் பிடித்த கட்டம் இதைக் கண்டுபிடிக்கும் விதம்தான். காங்கோ ரெட் என்பது 1880களில் பருத்தித் துணிக்காக ஜெர்மனியில் உருவான சாயம். அது அமிலாய்டைப் பற்றிக்கொள்ளும் என்று 1922இல் ஜெர்மன் டாக்டர் பென்ஹோல்ட் கண்டார். போலராய்டு கூலிங் கிளாஸில் இருக்கிற, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி இரண்டை எடுத்து, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக வைத்தால் ஒளி வராது, ஒரே இருட்டு. நடுவில் சாயம் ஏற்றிய டான்சில் சீவலை வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சாய மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கிலேயே வரிசையாகப் படுத்திருக்கின்றன. அதனால் இழையோடு அதிரும் ஒளியும் குறுக்கே அதிரும் ஒளியும் வேறு வேறு வேகத்தில் போகின்றன. அதிர்வுத் திசை மாறிப்போன ஒளி இரண்டாவது வடிகட்டியைத் தாண்டிவிடுகிறது. சாதாரண ஒளியில் சிவப்பாகத் தெரிந்த இடம் இப்போது பச்சையாக மின்னும்! தாறுமாறாகக் குவிந்த புரதத்தில் இந்த வரிசை வராது. ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் வரும்.

மைக்ராஸ்கோப் போக, இவ்வளவுக்கும் தேவை ஒரு சாயமும் இரண்டு வடிகட்டியும். ஸ்கேன் மெஷின் வாங்க ஓடிவரும் பணம் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏன் வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தொண்டை வீக்கத்துக்கு நூல் ஓதிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் மேல் இன்னும் கோபம்.

சரி, மாமா விஷயம். படிவு டான்சிலோடு நின்றதா, இதயம், சிறுநீரகம் வரை போயிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரத்தம், சிறுநீரில் லைட் செயின் சோதனையும் இதயத்துக்கு எக்கோவும் எடுக்கச் சொல்வார்கள். அங்கெல்லாம் ஒன்றும் இல்லையென்றால் லைட் செயின் சுரக்கும் செல்களை அடக்கும் கீமோ பொதுவாக வேண்டியதில்லை, எடுத்ததே சிகிச்சை. ஆனால் அதே இடத்தில் திரும்ப வரக்கூடும் என்பதால், டாக்டர் சொல்லும் தேதிகளில் தொண்டையைக் காட்டிவரட்டும்.