பழைய வண்டியின் வயதுக்கு முன் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்

விலை பேசி முடிப்பதற்கு முன் நான் பார்த்துச் சொல்ல வேண்டுமென்று, குழித்துறையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் இரண்டு வண்டிகளைத் தக்கலையிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று 2012இல் பதிவான டீசல் இன்னோவா. மற்றது 2019 இறுதியில் பதிவான பெட்ரோல் எர்டிகா. முதியவர்கள் இருவர் உட்பட வீட்டில் ஆறு பேர். ஏழாண்டு இளையது, ஓட்டமும் குறைவு என்பதால் எர்டிகாவையே எடுப்பதென்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள்.

தாளில் பார்த்தால் அதில் தவறில்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே இன்னோவாவை 2027இல் சோதனைக்குக் காட்டி, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதன் டைமிங் பெல்ட்டை, அதாவது இன்ஜினில் வால்வுகளும் பிஸ்டன்களும் நேரம் தவறாமல் சேர்ந்து இயங்க வைக்கும் பட்டையை, மாற்றியதற்கு ரசீதும் இல்லை. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளில் பிஸ்டன் மோதி இன்ஜின் பாழாகிவிடும் என்பதால், அந்தச் செலவையும் விலையோடு கூட்டியே கணக்கிட வேண்டும். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று குறைந்த தூரமே ஓடும் வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் நிலைமை மாறியது. எர்டிகா குளச்சலில் கடலோர வீட்டு முற்றத்தில் கூரையின்றி நின்ற வண்டி. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டியபோது, கதவுகளுக்குக் கீழுள்ள மடிப்புகளில் பூச்சோடு துருவும் செதிள் செதிளாக உதிர்ந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், உப்புக்காற்று படிந்த இரும்பு காய்வதற்கு நாள் கிடைப்பதில்லை. எர்டிகாவுக்குத் தனிச் சேஸி, அதாவது உடலைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம், கிடையாது; உடலே அதன் சட்டகம். எனவே மடிப்புகள் அரித்துவிட்டால், மேலே தகடு வைத்துப் பற்றவைப்பதால் மட்டும் மோதலைத் தாங்கும் பழைய வலிமை திரும்பிவிடாது. தனிச் சேஸி உள்ள வண்டியும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த இன்னோவா குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் ஷெட்டுக்குள் நின்றது; சேஸியில் மேல்துரு மட்டுமே இருந்தது. மலைப்பாதையில் ஓடியதால் ஷாக் அப்சார்பரும், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தன; அவை மாற்றக்கூடியவை.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பதையும் தவிர்க்காதீர்கள். 2021 நவம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் மூழ்கிய வண்டியானால், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியக்கூடும். கேரளப் பதிவு வண்டியானால் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் தனிச் செலவு. பதிவில் பெயர் மாற்றியதோடு நிற்காமல், வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்சையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

இதே எர்டிகா மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நின்றிருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன். 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், பழைய இன்னோவாக்களில் கீழ்வகைகளுக்கு அது கிடையாது. அவர்கள் பார்த்த இன்னோவா, இரண்டு ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள மேல்வகை என்பதை உறுதி செய்த பிறகே சம்மதம் சொன்னேன். டைமிங் பெல்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு இன்னோவாவை எடுத்தார்கள். பெல்ட்டை மாற்றிய பிறகே வண்டியை வெளியே விட்டேன்.