ரைடு சிம்பலும் 100 மில்லிவிநாடியும்

ஜாஸ் டிரம்ஸ் கற்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே, மெட்ரோனோம் கருவியின் டிக் ஒலியை விட்டு விலகாமல் வாசிக்கிறேன். ஆனாலும் ஸ்விங் வரவில்லை என்கிறார் மாஸ்டர். என்னதான் குறை?"

ஸ்விங் என்பது ஜாஸின் ஊசலாடும் தாளநடை; பீட்டைச் சமமாகப் பிரிக்காமல் நெட்டை, குட்டை என்று வாசிப்பது. ஜாஸில் காலப்பிரமாணத்தைச் சுமப்பது ரைடு சிம்பல், குச்சியால் தொடர்ந்து தட்டும் பெரிய உலோகத் தட்டு. 1940 வாக்கில் டிரம்மர் கென்னி கிளார்க் அந்த வேலையை பேஸ் டிரம்மிலிருந்து சிம்பலுக்கு மாற்றினார். நாலு பீட், 2, 4-இல் இடது கால் ஹைஹேட் என்ற ஜோடித் தட்டை மூடும், அதே இரண்டு பீட்டுக்கும் பின்னால் சிம்பலில் ஒரு சின்ன அடி கூடுதல். டிங், டிங்-க, டிங், டிங்-க. அந்த 'க' எங்கே விழுகிறது என்பதுதான் விஷயமே.

பீட்டை மூன்றாகப் பிரித்து மூன்றாம் பங்கில் போடு என்கின்றன பாடப்புத்தகங்கள். நம் கணக்கில் திஸ்ரம்: 'தகிட' சொல்லி 'கி'யை விழுங்கிவிட வேண்டியதுதான். பீட்டிலிருந்து 'க' வரை நெட்டை, 'க'விலிருந்து அடுத்த பீட் வரை குட்டை; இரண்டுக்கும் விகிதம் 2:1.

பெரிய கைகள் அப்படி வாசிக்கவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃப்ரீபர்க், சுண்ட்ஸ்ட்ரோம் இருவரும் டோனி வில்லியம்ஸ், ஜாக் டிஜானெட் போன்ற ஜாஸ் டிரம்மர்களின் ஒலிப்பதிவுகளில் சிம்பல் அடிகளை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். மெதுவான பாட்டில் விகிதம் 3.5:1 வரை போகிறது; அதிவேகத்தில் 1:1-ஐத் தொடுகிறது. நடுத்தர வேகத்திலிருந்து மேலே போகும்போது மாறாமல் நிற்பது விகிதமல்ல, அந்தக் குட்டைச் சுரத்தின் நீளம்: ஏறக்குறைய 100 மில்லிவிநாடி!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 150 பீட் என்றால் ஒரு பீட் 400 மில்லிவிநாடி. அதில் 100 போனால் மிச்சம் 300, விகிதம் 3:1. வேகம் 200 ஆனால் பீட் 300, விகிதம் 2:1. புத்தகம் சொல்வது ஏறக்குறைய இந்த ஒரு வேகத்துக்குத்தான் பொருந்துகிறது. 300-இல் பீட்டே 200தான்; இரண்டும் சமமாகிவிடும். அதற்கும் குறைவாகக் குட்டையைச் சுருக்கினால் காது அதைத் தனிச் சுரமாகக் கேட்காது, அடுத்த அடியோடு ஒட்டிய உதறலாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. எல்லா வேகத்துக்கும் ஒரே விகிதம் வைக்கும் டிரம் மெஷின் ஏன் மெஷின் மாதிரியே ஒலிக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

"ஸ்விங் ரத்தத்தில் ஊறியிருக்கணும்" என்று சொல்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அது மூடநம்பிக்கை, கொஞ்சம் இனவாதமும் கலந்தது. இதையெல்லாம் அளக்கப் பணம் செலவழிக்க வேண்டுமா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: செவியின் காலத்துல்லியத்தைப் படிக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குழுவில் தனி ஆவர்த்தனம் வாசிப்பவர் (சாக்ஸபோன்காரர் போன்றவர்) பீட்டின் தலையில் டிரம்மருக்குச் சற்றுப் பின்தங்கி, 'க'வில் அவரோடு சேர்ந்துகொள்கிறார். 2022-இல் கோட்டிங்கன் மாக்ஸ் பிளாங்க் இயற்பியலாளர்கள் பதிவுகளில் இந்தத் தாமதத்தைச் செயற்கையாகச் சேர்த்து, சுமார் 30 மில்லிவிநாடி போதும், இசைக்கலைஞர்களுக்கு ஸ்விங் கூடிவிடுகிறது என்று காட்டினார்கள். கேட்டவர்களில் பலருக்கு என்ன மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆக, சாக்ஸபோன்காரர் வந்து சேரும் இடம் உங்கள் 'க'. அது தடுமாறினால் அவருக்குப் பிடிமானம் இல்லை. மெதுவாகப் பழகிய விகிதத்தை அப்படியே வேகமேற்றாதீர்கள். 120, 200, 280 என மூன்று வேகத்தையும் மூன்று தனிப் பாடமாக, ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்துப் பழகுங்கள்.