டிராவல் டிரெய்லர் வாங்குமுன் கூரை ஓரத்தையும் அடிப்பாகத்தையும் பாருங்கள்

அமெரிக்காவில் விற்பனையாகும் மலிவு விலை டிராவல் டிரெய்லர்களில் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளில்) பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்.வி.ஐ.ஏ. (இவ்வகை வண்டித் தொழில்துறையின் சங்கம்) முத்திரையைப் பலர் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்சாரம், கேஸ், குழாய், தீப் பாதுகாப்பு விதிகளின்படி வண்டி கட்டப்பட்டிருக்கிறது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்வதற்கான அடையாளம் அது. சுவர் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வண்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சுவருக்குள் இருப்பது ஒன்றரை அங்குல மரச்சட்டம். ஸ்டேப்பிள் அடித்து இணைத்து, மேலே மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்கள். உள்ளே மரம் உளுத்துப்போனாலும் தகடு பளபளவென்றே இருக்கும். அதனால் ஏணி வைத்து முதலில் கூரையைப் பாருங்கள். வென்ட், ஆன்டெனா, விளிம்புப் பட்டை ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய சீலன்ட்டில் (நீர் புகாமல் அடைக்கும் பசையில்) வெடிப்போ இடைவெளியோ கூடாது. மூலைப் பட்டையின் நடுவில் திருகுகளை மூடியிருக்கும் வினைல் நாடாவை, உரிமையாளரின் அனுமதியோடு, ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். திருகு துருவேறியிருந்தால் தண்ணீர் அங்கே போய்விட்டது என்று பொருள். பட்டைக்கு அடியில் நீர் புகாமல் தடுக்க, ரப்பர் போன்ற பியூட்டைல் டேப் இருந்தால் நல்லது. மலிவான புட்டி டேப் சில ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விடும்.

அடுத்து, ஊசி வைத்த ஈரப்பத மீட்டர். ஜன்னலின் கீழ் மூலைகள், படுக்கைக்கு அடியில் முன்சுவர், மேல் அலமாரிகளின் உள்மூலை, கழிப்பறையைச் சுற்றிய தரை: இங்கெல்லாம் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். தகட்டைக் கழற்றிச் சட்டத்தை மாற்றும் கூலி அந்தத் தள்ளுபடியை விழுங்கிவிடும். ஃபைபர்கிளாஸ் சுவர் என்றால் பக்கவாட்டில் கண்ணை ஒட்டிவைத்து நீளவாக்கில் பாருங்கள். உப்பல் தெரிந்தால் பசை விட்டுப்போயிருக்கிறது.

டயரில்தான் சிக்கனம் அப்பட்டமாகத் தெரியும். 3,500 பவுண்டு தாங்கும் அச்சுக்கு எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்த டயர்) 205/75 ஆர்14 அளவில் ‘சி’ சுமை ரக டயர் போடுவது வழக்கம். 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஒரு டயர் தாங்குவது 1,760 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 3,520. மிச்சம் 20 பவுண்டுதான்! காற்று கொஞ்சம் இறங்கினாலே டயர் சூடேறி வெடிக்கலாம். ‘டி’ ரகம் 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு தாங்கும். ஆனால் அந்த அழுத்தத்தைச் சக்கரமும் தாங்குமா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீடு 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். ஆறு வயதைக் கடந்ததை, பட்டன் தேயாமல் இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

வண்டியில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று மஞ்சள் லேபிளில் உள்ள எடையையும் படியுங்கள். 30 கேலன் தண்ணீரே 250 பவுண்டு.

கடைசியாக, டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். முன்பக்க முக்கோணச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் துருக்கோடோ பெயின்ட் விரிசலோ தெரிந்தால் வாங்க வேண்டாம். இலை ஸ்பிரிங்கின் முனைத் துளைகளில் நைலான் புஷ் (போல்ட்டைச் சுற்றிய உறை) மட்டும் இருந்தால், வெண்கல புஷ்ஷும் கிரீஸ் நிப்பிள் வைத்த போல்ட்டும் மாற்றப் பணம் ஒதுக்கிவையுங்கள். நைலான் தேய்ந்ததும் போல்ட் ஸ்பிரிங்கையே அரிக்கத் தொடங்கும். வாங்கி ஓட்டும்போது 10, 25, 50 மைலில் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்கிப் பாருங்கள்.