வீட்டிலிருந்தபடியே கடன் நிவாரணம்: தொலைபேசியில் முடிவதும் நீதிமன்றத்தில் முடிவதும்

கடனில் சிக்கியவர்கள் வழக்கறிஞரின் அறைக்கு நேரில் வரத் தயங்குகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைப் பக்கம் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சமும், ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்தச் சம்பளமும் போய்விடுமே என்ற கவலையும் சேர்ந்து, தவணை தவறிய முதல் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டிய ஆலோசனையை ஓராண்டுக்குத் தள்ளிப்போட வைக்கின்றன. இப்போது அவர்களில் பலர் வேலை முடிந்த பிறகு தொலைபேசியில் பேசுகிறார்கள். ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்று அழைக்கும் குரல்களும் அதே தொலைபேசியில்தான் வருகின்றன. முகம் பார்க்காமல் பெறும் உதவியில், ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கடன் கொடுத்தவரின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

நான் அடிக்கடி காணும் நிகழ்வு ஒன்று உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், இரண்டு கிரெடிட் கார்டு நிலுவையோடும் சில செயலிக் கடன்களோடும் திணறுகிறார். ஒரு முகவர் நிறுவனம் மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு, "தவணையை நிறுத்துங்கள், வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதீர்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது. தொண்ணூறு நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. கணக்கில் பணமில்லாமல் தானியங்கித் தவணைப் பிடித்தம் திரும்பிவிடுவதால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அறிவிப்பு வருகிறது. காசோலை திரும்பும் வழக்கைப் போலவே இதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாளுக்குள் தொகையைக் கட்டினால் வழக்கைத் தவிர்க்கலாம் என்பதைக்கூட அவரிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. அவர் செலுத்திய கட்டணம் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைத்திருப்பதும் இல்லை.

கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் எந்த முகவருக்கும் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனம் இணங்க வேண்டும், அல்லது நீதிமன்றம் ஆணையிட வேண்டும். வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் விளம்பரம் செய்து ஆள் பிடித்தாலோ, மிச்சமாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசினாலோ, அவர் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகளை மீறுகிறார். அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை நிறைய உண்டு. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில் தெரியும். நீங்கள் வாங்காத கடன் இருந்தாலும் தெரியும். அதை வைத்துக்கொண்டு, தொண்ணூறு நாள் ஆவதற்கு முன்பே, வருமானம் குறைந்ததற்கான சான்றுடன் தவணையை மாற்றியமைக்கக் கோரி வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அவர் கடனைக் குறைக்கச் சொல்ல மாட்டார். சேவைக் குறைபாட்டையும் விதிமீறலையும் விசாரிப்பார்.

ஒரே தவணையில் பேசி முடிக்கும் சமரசத்துக்கு வங்கி இணங்கினால், கடன் எண், தொகை, கட்ட வேண்டிய நாள், அதன்பின் பாக்கி ஏதுமில்லை என்ற உறுதி ஆகிய அனைத்தும் வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். வசூல் முகவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுதாகத் தீர்ந்ததாக அல்லாமல் சமரசத்தில் முடிந்ததாகப் பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பதை அது பாதிக்கும் என்பதையும் முன்பே அறிந்திருங்கள்.

மிரட்டல்தான் மக்களை நிலைகுலைய வைக்கிறது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் விதி. கைபேசியில் உள்ள தொடர்பு எண்களைக் கடன் செயலிகள் எடுக்கவும் கூடாது. உறவினர்களுக்குப் படம் அனுப்பி அவமானப்படுத்தினால், அழைப்புப் பதிவையும் திரைப்பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்காரர்கள்மீது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் தரலாம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வாட்ஸ்அப்பில் வரும் 'கைது வாரண்ட்' பெரும்பாலும் போலி. உண்மையான வழக்குக்கு சி.என்.ஆர். எனப்படும் பதினாறு இலக்க அடையாள எண் இருக்கும், அதை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். கடனைக் கட்ட முடியாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. சாதாரணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றும்போது, சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. வருங்கால வைப்பு நிதியையும் தொட முடியாது. இதைச் சொல்லும்போது மறுமுனையில் இருப்பவரின் குரலே மாறுவதை உணர்ந்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் வழியில்லாதவருக்குத்தான் மஞ்சள் கடுதாசி, அதாவது கடனைக் கட்ட இயலாதவர் என்று தன்னை அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் தனிநபர்களைப் பொறுத்தவரை, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டங்களே பொருந்துகின்றன. சென்னை உயர் நீதிமன்றமே சிவில் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் எல்லைக்குள் குடியிருப்பவர், 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டப்படி அங்கேயே மனு செய்ய வேண்டும். எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ஆலோசனையையும் ஆவணத் தயாரிப்பையும் தொலைவிலிருந்தே முடிக்கலாம். ஆனால் உறுதிமொழிப் பத்திரத்தில் உரிய அலுவலர் முன் கையெழுத்திட வேண்டும். ஓ.டி.பி. வழியாக 'திவால் சான்றிதழ்' வாங்கித் தருவதாகச் சொல்பவர் ஏமாற்றுகிறார்.

நொடிப்பு ஆணை பிறந்ததும், கடனாளியின் சொத்து அஃபிஷியல் அசைனி எனப்படும் நீதிமன்ற அதிகாரியிடம் சேர்ந்துவிடும். அடமானம் ஏதும் பெறாமல் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனியாக வழக்குத் தொடர முடியாது. வீட்டை அடமானமாகப் பெற்ற வங்கி தன் அடமான உரிமையை இழக்காது. அரசுக்குரிய பாக்கியும், மோசடியால் வந்த கடனும், கடனாளியை மற்றக் கடன்களிலிருந்து விடுவிக்கும் 'விடுவிப்பு ஆணை'க்குப் பிறகும் நிற்கும். மனுவுக்கு முன் மைத்துனர் பெயருக்கு மனையை மாற்றி எழுதுவது போன்ற காரியங்களை நீதிமன்றம் ரத்து செய்துவிடும், விடுவிப்பே மறுக்கப்படலாம்.

ஜாமீன் கையெழுத்திட்டவரை விடுவிப்பு ஆணை விடுவிப்பதில்லை. உங்களுக்காகக் கையெழுத்திட்ட அண்ணனோ நண்பரோ முழுப் பாக்கிக்கும் பொறுப்பாளியாகவே நீடிப்பார். ஆகவே மனு போடும் முடிவுக்கு முன் நடக்கும் தொலைபேசி ஆலோசனையில் அவரும் இணைப்பில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதற்கு வருமான வரம்பு கிடையாது.