தேர்தல் சட்ட வழக்கும் பேச்சுரிமைத் தள்ளுபடி மனுவும்: கலிஃபோர்னியாவின் விதிவிலக்கு யாருக்குப் பொருந்தும்?

தேர்தல் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரை மறைக்கும் ஒரு குழுவின்மீது வழக்குத் தொடுக்க, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டம் வழிசெய்கிறது. அப்படித் தொடுக்கப்படும் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கோருவதற்கு, 1992-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 425.16 என்னும் பிரிவு வழிசெய்கிறது. இவ்விரண்டும் மோதும்போது, வழக்குத் தொடுப்பவர் யார், யாருடைய பெயரால் தொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

425.16 பிரிவு நல்ல நோக்கத்தோடு பிறந்தது. ஒரு நிறுவனத்தைக் குறைகூறியவரையோ, நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசியவரையோ, வழக்குச் செலவைக் காட்டியே வாயடைக்க முற்படும் வழக்குகளை அங்கே 'ஸ்லாப்' வழக்குகள் என்பார்கள். அத்தகைய வழக்கில் சிக்கியவர், வழக்குத் தன் பேச்சுரிமைச் செயலிலிருந்து எழுந்தது என்று காட்டினால் போதும்; வெற்றி வாய்ப்பு உண்டு என்பதை ஆதாரத்தோடு காட்டும் பொறுப்பு உடனே வழக்குத் தொடுத்தவர்மேல் விழுகிறது. மனு தாக்கலானதும், ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதும் சாட்சிகளை முன்விசாரணை செய்வதும் நிறுத்தப்படுகின்றன. மனு வென்றால், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தையும் வழக்குத் தொடுத்தவரே கொடுக்க வேண்டும்.

பணத்தின் மூலத்தை மறைத்ததாகத் தொடுக்கப்படும் வழக்கில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பணம் யாருடையது என்பதற்கான ஆவணம் மறைத்தவரிடமே இருக்கிறது. அந்த ஆவணத்தைக் கேட்கும் வழியை அடைத்துவிட்டு, ஆதாரத்தைக் கொண்டுவா என்று கேட்பதாக அது முடியும். காலமும் கரைகிறது. தள்ளுபடி மனு நிராகரிக்கப்பட்டால் அதன்மீது உடனடியாக மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை கீழ் நீதிமன்றத்தில் விசாரணை தானாகவே நின்றுவிடும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. வாக்களிக்கும் நாளுக்கு முன் தெரிய வேண்டிய செய்தி, வாக்களித்தபின் ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால் வாக்காளருக்கு என்ன பயன்?

மக்களின் இனம் பற்றிய விவரங்களை மாநில அரசு திரட்டுவதைக் கட்டுப்படுத்தக் கோரி 2003 அக்டோபர் 7 அன்று வாக்கெடுப்புக்கு வந்த 54-ஆம் முன்மொழிவின்போது அதுதான் நடந்தது. அதை ஆதரித்துப் பெருந்தொகை செலவிட்ட ஓர் அமைப்பு நன்கொடையாளர் பெயர்களை வெளியிட மறுத்ததால், நியாயமான அரசியல் நடைமுறைகள் ஆணையம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. அமைப்பு தள்ளுபடி மனுப் போட்டது; அது நிராகரிக்கப்பட்டபின் மேல்முறையீடு செய்து, 2004-இல் அங்கும் தோற்றது. பெயர்கள் வெளிவந்ததோ 2005-இல்.

இந்த இடருக்கு மாற்றாகத்தான் அப்பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல், மாவட்ட அரசு வழக்குரைஞர், நகர அரசு வழக்குரைஞர் ஆகிய மூவரில் ஒருவர், கலிஃபோர்னியா மக்களின் பெயரால் தொடுக்கும் சட்ட அமலாக்க வழக்குக்கு இந்தத் தள்ளுபடி முறை பொருந்தாது. லாங் பீச் நகரம் தன் தேர்தல் நன்கொடை வரம்பை அமல்படுத்த, மக்களின் பெயரால் அன்றித் தன் பெயரிலேயே தொடுத்த வழக்குக்கும் இது பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் தாராளமாகப் பொருள் கொண்டது. ஆனால் மான்டெபெல்லோ நகர வழக்கில் 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. சட்டத்தில் எழுதியுள்ளபடி மக்களின் பெயரால் தொடுத்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு என்று அது கூறிவிட்டது. தேர்தல் நிதிச் சட்டத்தை அமல்படுத்தவே உருவாக்கப்பட்ட மேற்சொன்ன ஆணையத்தின் பெயர் அந்த மூவர் பட்டியலில் இல்லை என்பதைச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

விதிவிலக்கு இருப்பதால் எதிர்த்தரப்பின் பேச்சுரிமை பறிபோய்விடாது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் தரும் பாதுகாப்பை அவர்கள் வழக்கின் எந்தக் கட்டத்திலும் எடுத்துவைக்கலாம். அவர்கள் இழப்பது தொடக்கநிலைக் குறுக்குவழியையும் அதோடு வரும் இடைநிறுத்தத்தையும் கட்டணத்தையும் மட்டுமே.

அதற்காகத் தேர்தல் சட்டத்தின் பெயரைச் சொல்லி யார் வழக்குத் தொடுத்தாலும் விலக்குத் தர வேண்டும் என்றும் சொல்ல முடியாது. 2001-இல் மின்சார நெருக்கடியின்போது ஆளுநர் கிரே டேவிஸைக் குறைகூறி ஒரு விளம்பரம் வந்தது. அதை வெளியிட்ட அமைப்பு தன் பணத்தின் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்று டேவிஸின் தேர்தல் குழுவே வழக்குத் தொடுத்தது. அந்த விளம்பரம் வாக்களிப்பதைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கோரவில்லை, அது கருத்துப் பேச்சே என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2002-இல் இதே 425.16-இன்கீழ் வழக்கைத் தள்ளியது. அரசியல் போட்டியாளர் கையில் தேர்தல் சட்டம் மிரட்டும் கருவியாகாமல் தடுத்த அந்தத் தீர்ப்பு சரியானதே.

தனிக் குடிமக்களுக்கு 2004 ஜனவரி முதல் 425.17 என்னும் வேறொரு விலக்கு நடைமுறையில் உள்ளது. முழுக்க முழுக்கப் பொதுநலனுக்காக மட்டுமே தொடுத்த வழக்குக்கே அது கிடைக்கும். சியரா கிளப் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் நிர்வாகக் குழுத் தேர்தலில் தோற்றவர்களைப் பதவியில் அமர்த்தவும் கேட்ட வழக்குக்கு அந்த விலக்கு இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மேலும், அரசியல் படைப்புகளை உருவாக்கியது அல்லது பரப்பியது குறித்த வழக்குகளை அந்தப் பிரிவே தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. ஆகவே பிரசார விளம்பரம் ஒன்றை எதிர்த்துத் தானே நீதிமன்றம் செல்ல எண்ணும் கலிஃபோர்னியாவாசி, தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணமும் தன் தலையில் விழலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, ஆணையத்திடமோ அரசு வழக்குரைஞரிடமோ முதலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பது நல்லது.