தெளியாத இஞ்சிச்சாறு

இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்தால் எங்கள் வீட்டில் உடனே குடிக்க விடமாட்டார்கள். அம்மா அதைக் கொஞ்ச நேரம் டம்ளரில் அசையாமல் வைத்து, அடியில் படியும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டு, மேல்சாற்றை மட்டும் இறுத்துத் தேன் கலந்து தருவார். வண்டலை நஞ்சு என்பார். அது பெரும்பாலும் இஞ்சியின் மாவுச்சத்துதான். ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய வைக்கிறார்களே, அதே வேலை.

மேலே நிற்கும் சாறு தெளிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் பைகள் அதில் ஏராளமாக மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஐம்பது முதல் சில நூறு நானோமீட்டர் அளவு. தலைமுடியின் தடிமனுக்குள் பல நூறு பைகளை வரிசையாக வைக்கலாம். உள்ளே புரதம், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள், இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் எல்லாம் இருக்கும். மனித செல்கள் வெளியிடும் எக்சோசோம் என்ற நுண்பைகளை ஒத்தவை இவை.

செடிக்கு எதற்கு இந்தப் பைகள்? கேரட் செல்களில் 1960களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்துவிட்டார்கள். பயன் புரிய நாளானது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடி தன்னைத் தாக்கும் பூஞ்சைக்குள் இந்தப் பைகள் வழியே ஆர்.என்.ஏ.வை அனுப்பி, அதன் நோய் உண்டாக்கும் மரபணுக்களை அடக்குவதை 2018இல் காட்டினார்கள். ஆக, இன்னோர் உயிரின் செல்லுக்குள் சரக்கு சேர்ப்பது செடிக்குப் பழகிய வேலை. மருந்தை நம் செல்லுக்குள் சேர்க்க மருத்துவர்கள் ஆசைப்படுவதும் இதே வேலைக்குத்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிடியர் மெர்லின் குழு இஞ்சிப் பைகளைக் குடல் அழற்சி உள்ள எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தது. பைகள் பெருங்குடல்வரை போயின, அழற்சி குறைந்தது, குடலின் உட்சுவர் ஆறியது. 2016இல் வெளிவந்த ஆய்வு இது. லூயிவில் பல்கலைக்கழகக் குழு 2018இல் இன்னொன்றைக் கண்டது: இஞ்சிப் பையை நம் குடலின் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பையின் தோலில் உள்ள பாஸ்படிடிக் அமிலம் என்ற கொழுப்புதான் அதற்கு அடையாளச் சீட்டு மாதிரி. எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது.

மஞ்சளும் இந்தக் கதையில் வருகிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எவ்வளவு சாப்பிட்டாலும் இரத்தத்தில் சேர்வது சொற்பம். செடியின் கொழுப்புப் பையில் ஏற்றினால் குடல் திசுவில் கூடுதலாகச் சேருமா என்று பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் பார்க்க லூயிவில் பல்கலைக்கழகம் ஒரு ஆய்வைப் பதிவு செய்தது.

சரி, அப்படியானால் தினமும் இஞ்சிச்சாறு குடித்தால் போதுமா? போதாது. எலிகளுக்குப் போனது பிரித்து, சுத்தம் செய்து, அளந்த பைகள். குடல் அழற்சிக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: இஞ்சியை அரைக்கும்போது செல்லே உடைகிறது. செடி தானாக வெளியிட்ட பையும், உடைந்த சவ்வு சுருண்டு உண்டான பையும் ஒரே சாற்றில் கலந்துவிடுகின்றன.

பிரிப்பதுதான் பெரும்பாடு. துகளின் விட்டம் நூறில் ஒரு பங்கானால், அது அமிழும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். மாவுத் துகள் 10 மைக்ரோமீட்டர், பை 0.1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் அவ்வளவு. மாவைவிடப் பை அடர்த்தியிலும் குறைவு, போதாததற்குத் தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். சேகோத் தொட்டியில் வருடக்கணக்கில் விட்டாலும் படியாது. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றும் மையவிலக்கி வேண்டும். விலை அதிகம், குழாயில் ஒரு தடவைக்குப் பிடிப்பதோ கொஞ்சம் சாறு.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) விஞ்ஞானிகள் 2020இல் இதற்கு எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். சாற்றில் தண்ணீரில் கரையும் பாலிமரான பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்தால் பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகின்றன. அப்புறம் குறைந்த வேகத்தில் சுழற்றினாலே அடியில் படிந்துவிடுகின்றன.