அலமாரிக்குள் ஒரு மாதம்

தேனில் நூற்றுக்கு 17 அல்லது 18 பங்கு தண்ணீர் இருக்கிறது. கோதுமை மாவில் இருப்பது 12 முதல் 14 பங்குதான். ஆனாலும் இறுக மூடி வைத்த தேன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. மாவோ, கொஞ்சம் கூடுதலாக ஈரம் வாங்கினாலே பூசணம் பிடித்துவிடுகிறது. ‘ஈரமானது கெடும், காய்ந்தது நிற்கும்’ என்று சமையலறையில் காலங்காலமாகச் சொல்லிவருவதில் பாதிதான் உண்மை என்பதற்கு இந்த இரண்டு பாத்திரங்களே சாட்சி.

மாதத் தொடக்கத்தில் வாங்கி அடுக்கிய மளிகைச் சாமான்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூடிகளுக்கு உள்ளே ஓயாமல் வேலை நடக்கிறது. நீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்கிறது. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்கிறது. மணம் பறந்துபோகிறது. சில தானியமணிகளுக்குள் உயிரே வளர்கிறது. மாதக் கடைசியில் அதே சமையல் வேறுமாதிரி ருசித்தால் சமைத்தவரைக் குறை சொல்வதற்கு முன் அலமாரியைக் கொஞ்சம் விசாரிப்பது நியாயம்.

முதலில் நீர். ஒரு உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டற்றுத் திரிகிறது என்பதே அந்த உணவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தேனில் உள்ள நீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் தம்மோடு பிணைத்து வைத்திருக்கின்றன. இந்தக் கட்டற்ற தன்மையை அளக்க ஒரு எண் உண்டு. அதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். மூடிய கலத்தில் உணவுக்கு மேலே நிற்கும் நீராவியின் அழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீருக்கு மேலே நிற்கும் அழுத்தத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். தூய நீருக்கு 1. ஈரமே இல்லாத பொருளுக்கு 0.

கிருமிகளின் வளர்ச்சியை முடிவு செய்வது நீரின் மொத்த அளவு அல்ல, இந்த எண்தான் என்பதை 1950-களில் ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் தெளிவாகக் காட்டினார். நுண்ணுயிர் தன் செல்சுவர் வழியாகத்தான் நீரை உறிஞ்ச வேண்டும். வெளியே நீர் பிணைக்கப்பட்டுக் கிடந்தால், உள்ளிருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இந்த எண் 0.9-க்கு மேல் இருக்க வேண்டும். உணவில் நஞ்சு உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் ஏறத்தாழ 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூசணங்கள் இன்னும் பிடிவாதமானவை, 0.8-க்குக் கீழேயும் சில வளர்கின்றன. 0.6-க்குக் கீழே உணவில் எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. தேன் பொதுவாக அந்த எல்லையை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கிறது.

பெருகுவதில்லை என்றால் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. தேனுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உறங்கியபடி இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை விழித்துக்கொள்ள வாய்ப்பிருப்பதால்தான் மருத்துவர்கள் கைக்குழந்தைகளுக்குத் தேன் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

இந்த ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் அலமாரியின் பல புதிர்கள் அவிழ்கின்றன. மொறுமொறுப்பான பிஸ்கட்டையும் மென்மையான கேக்கையும் ஒரே டப்பாவில் போட்டு மூடுங்கள். மறுநாள் பிஸ்கட் நமுத்திருக்கும், கேக் வறண்டிருக்கும். நீர்ச் செயல்பாடு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, இரண்டும் சமமாகும்வரை ஈரம் நகர்ந்துகொண்டே இருக்கும். இறுக்கமான மூடி வெளிக்காற்றைத்தான் தடுக்கும். உள்ளே நடக்கும் இந்தப் பங்கீட்டை அது தடுப்பதில்லை.

உப்பு கட்டியாவதும் இதே கணக்குதான். உப்பு முற்றிலும் கரைந்து நிறைந்த நீரின் செயல்பாடு சுமார் 0.75. ஆகவே காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் தூய உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் அது சுமார் 33 சதவிகித ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். சர்க்கரைக்கு இந்த எல்லை 85 சதவிகிதத்தை ஒட்டி இருப்பதால், உப்பு கசியும் நாளில் பக்கத்திலேயே சர்க்கரை உலர்ந்து உட்கார்ந்திருக்கும். ஜாம் பாட்டிலில் பூசணம் எப்போதும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. அங்கேதான் காற்று கிடைக்கிறது. மூடியின் உட்புறம் வியர்த்து ஒரு துளி விழுந்தால், அது விழுந்த இடத்தில் சர்க்கரை நீர்த்துப்போகிறது.

ஒரு சிறு பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலேயே மசாலாப் பாட்டிலைக் கவிழ்த்துத் தூவுவது. பார்க்க லாவகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீராவி பாட்டிலுக்குள் ஏறி, மூடியதும் அங்கேயே குளிர்ந்து படிகிறது. பொடி கட்டிபிடிக்கப் பெரும்பாலும் இதுவே காரணம். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுவது அழகில் ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் எலும்பாகக் காயவைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் எண்ணெய் குறுக்கே வருகிறது.

எண்ணெய் கிருமியால் கெடுவதில்லை. ஆக்சிஜனால் கெடுகிறது. கொழுப்பு அமிலங்களின் கரிமச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டி நிற்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எளிதில் கழன்றுவிடும். ஒன்று கழன்றதும் அந்த மூலக்கூறு வெறிகொண்டு ஆக்சிஜனைப் பற்றுகிறது. பற்றியதும் பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. இப்போது குறை பக்கத்து மூலக்கூறுக்கு. இப்படியே தொடர்ந்து, கடைசியில் சங்கிலிகள் உடைந்து சிறிய, நாற்றமுள்ள மூலக்கூறுகள் பிறக்கின்றன. அதைத்தான் நாம் சிக்கு வாடை என்கிறோம்.

இந்த வாடை படிப்படியாக ஏறுவதில்லை என்பதே இதில் தந்திரமான செய்தி. எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கையிருப்பு உள்ளவரை கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீர்ந்த அன்றுதான் வாசலில் வந்து நிற்கும். அதனால்தான் வாரக்கணக்கில் நன்றாக இருந்த எண்ணெய் சில நாட்களிலேயே மாறிவிட்டதுபோல் தோன்றுகிறது. பழைய எண்ணெயின் மிச்சத்தோடு புதியதை ஊற்றி நிரப்புவது சிக்கனமல்ல. பழையதில் சேர்ந்திருக்கும் பெராக்சைடுகள், அதாவது ஆக்சிஜனைப் பற்றிய மூலக்கூறுகள், புதியதன் கையிருப்பையும் விரைவில் தின்றுவிடும். பாட்டிலைக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும்.

எந்த எண்ணெய் முதலில் கெடும் என்பதையும் இரட்டைப் பிணைப்புகளை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலத்தைவிட, இரண்டு உள்ள லினோலியிக் அமிலம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மூன்று உள்ள லினோலெனிக் அமிலம் அதையும் மிஞ்சும். ஆளிவிதை, வால்நட் எண்ணெய்கள் சீக்கிரம் கெடுவதற்கும், இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்புகள் நீடித்து நிற்பதற்கும் காரணம் இதுதான். சுத்திகரிக்காத எண்ணெயில் எஞ்சியிருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனை இன்னும் முரட்டுத்தனமாக்கிவிடும். ஆகவே ஜன்னலோரக் கண்ணாடிப் பாட்டில் கண்ணுக்குத்தான் நல்லது.

ஈரம் குறையக் குறைய இந்த வினையும் அடங்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 1970 வாக்கில் அமெரிக்க உணவு விஞ்ஞானி தியோடர் லபூசா உருவாக்கிய வரைபடம் வேறு கதை சொல்கிறது. நீர்ச் செயல்பாடு 0.3-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் மிக மெதுவாக நடக்கிறது. அதற்கு மேலே போனாலும் வேகம் கூடும், கீழே போனாலும் கூடும். மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இரும்பு, செம்பு போன்ற உலோகத் துணுக்குகளைச் சூழ்ந்து அவற்றின் துடுக்கை அடக்கி வைக்கிறது. அதையும் காயவைத்துவிட்டால் காவல் நீங்கிவிடும்.

குடும்பத்தில் யாராவது ஒருவர் புதிதாக எதையாவது வாங்கிவந்து அலமாரியில் சேர்ப்பது எங்கும் உள்ள வழக்கம்: ஒரு விதைப் பொடி, ஒரு முழுதானிய மாவு, பெயரே புதிதாக இருக்கும் ஒரு மசாலா. முதல் வாரம் எல்லாவற்றிலும் அதைப் போடுவார்கள். மூன்றாவது வாரம் அது பின்வரிசைக்குப் போய்விடும். பொட்டலத்தில் அச்சிட்ட தேதியைப் பார்த்து இன்னும் நாளிருக்கிறது என்று திருப்திப்படுவது வீண். அந்தத் தேதி பெரும்பாலும் திறக்காத பொட்டலத்துக்கானது. திறந்த நொடியில் வேறு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

அந்தக் கடிகாரம் பொடிகளுக்கு மிக வேகமாக ஓடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை 0.1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 100 மடங்காகிறது. மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாவதும் ஆக்சிஜன் உள்ளே புகுவதும் மேற்பரப்பு வழியாகத்தான். முழு மிளகில் அவை செல்லறைகளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அரைப்பது என்பது அந்த அறைகளை ஒட்டுமொத்தமாக உடைப்பது. முழுதானிய மாவிலும் இதே கதைதான். முளையிலும் தவிட்டிலுமாக எண்ணெயும் அதைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதியும் தனித்தனியே இருந்தன. ஆலை இரண்டையும் சேர்த்துவைத்துவிடுகிறது. வெள்ளை மாவு அதிக நாள் நிற்பதற்குக் காரணம் அதில் அந்த முளையும் தவிடும் இல்லாததுதான். ஆகவே புதியதை வாங்குங்கள், ஆனால் சிறிய பொட்டலமாக வாங்குங்கள். முடிந்தால் முழுதாக வாங்கி வீட்டிலேயே பொடியுங்கள். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய தோராயக் கணக்கு. வீட்டிலேயே மோசமான அந்த இடத்தில்தான், கைக்கு எட்டுகிறது என்பதற்காக, மசாலாப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

மாதக் கடைசியில் மூடிய டப்பாவுக்குள் வண்டு தென்பட்டால் எல்லோரும் மூடியைச் சந்தேகிப்பார்கள். மூடி பெரும்பாலும் நிரபராதி. அரிசிக் கூன்வண்டின் பெண், தானியமணியில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, ஒட்டும் பசையால் துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, முழு வண்டாகத்தான் வெளியே வருகிறது. வெதுவெதுப்பான இடத்தில் இதற்குச் சுமார் ஒரு மாதம் பிடிக்கும். வாங்கிய அன்றே அது உள்ளே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. அழுகும் இறைச்சியில் புழுக்கள் தாமாகப் பிறப்பதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே வருகின்றன என்று இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி 1668-இல் நிறுவினார். ஆனாலும் ‘எங்கிருந்தோ வந்துவிட்டது’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. புதிதாக வாங்கிய தானியத்தை ஒரு வாரம் உறைபெட்டியில், சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைத்தால் முட்டையும் புழுவும் மடிந்துவிடும். வெளியே எடுத்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த மணிகளின்மேல் காற்றின் ஈரம் படிந்து, வண்டுக்குப் பதில் பூசணத்தை வரவேற்றதாகிவிடும்.

பழைய பயறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் படுத்துவதற்குக் காரணம் அது ‘காய்ந்துபோனது’ அல்ல. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் பயறு குழையும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்தால், பயறில் உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மம் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபடுகின்றன. அவை பெக்டினோடு சேர்ந்து, எளிதில் கரையாத கட்டாக மாறிவிடுகின்றன. கடினநீரில் வேகவைத்தாலும் இதே தொல்லைதான். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பெக்டின் விரைவில் சிதையும். கை தாராளமானால் சோப்பு ருசி வரும், வைட்டமின் பி1-உம் போய்விடும். புளிப்பு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தக்காளியோ எலுமிச்சையோ பயறு வெந்தபிறகு சேர்ந்தால் போதும்.

சமைத்து மீந்ததிலும் மாற்றம் நிற்பதில்லை. ரொட்டி இறுகுவது உலர்வதால்தான் என்று நம்பிவந்த காலத்தில், பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852-இல் நீர் வெளியேற வழியில்லாமல் ரொட்டியை மூடிவைத்துப் பார்த்தார். அப்போதும் அது இறுகியது. 60 டிகிரிக்கு மேல் சூடாக்கியதும் மீண்டும் மென்மையானது. வேகும்போது நீரை வாங்கி உப்பிக் குலைந்த மாவுச்சத்தின் சங்கிலிகள், ஆறியதும் ஒன்றோடொன்று அணிசேர்ந்து படிகமாவதே இதன் காரணம். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில், அது மிக விரைவாக நடக்கும். ரொட்டியை அங்கே வைப்பதைவிட வெளியே வைப்பது மேல். பல நாள் வேண்டுமானால் துண்டுபோட்டு உறையவைப்பது அதைவிட மேல்.

சோறும் அதே விதிப்படி குளிரில் விறைக்கிறது. ஆனால் சோற்றை வெளியே விட்டுவைக்க முடியாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கி நின்று, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகுகின்றன. அவற்றில் சில வகைகள் வாந்தி உண்டாக்கும் செரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. எனவே இங்கே மென்மையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோங்கள். மறுநாள் ஒரு கரண்டி நீர் தெளித்து மூடி, ஆவி பறக்கச் சூடாக்கினால் படிகங்களில் பெரும்பகுதி கலைந்து சோறு மீண்டும் இளகும். அதிலும் மீந்தால் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.